திங்கட்கிழமை மௌனம்: மந்திர் மார்க்கில் தொடர்புச் சோர்வின் ஒரு வரலாறு

‘சமூக ஊடகச் சோர்வு’ என்னும் சொற்றொடர் கல்விப்புலத்தில் நிலைபெற்றுப் பத்தாண்டுகளுக்குச் சற்றே மேலாகிறது. செய்திகள், அழைப்புகள், குழுக்கள், அறிவிப்பொலிகள் ஆகியவற்றின் மிகுதியால் ஒருவர் களைப்புற்று, அவற்றிலிருந்து விலக விரும்பியும் விலக இயலாமல் தவிக்கும் நிலையை அது குறிக்கிறது. உளவியலாளர் இதனைப் பயனரின் ஆளுமையோடும் இணையப் பயன்பாட்டின் அளவோடும் இணைத்து ஆராய்கின்றனர். வினாநிரலும் புள்ளியியலும் அவர்களின் கருவிகள். ஆனால் ஒரு மனிதரிடம் அளவுக்கு மீறிய பேர் பேச விரும்புவதும், அவர் அதனால் களைப்பதும், அக்களைப்புக்கு ஒரு நெறி வகுப்பதும் இணையத்தோடு பிறந்தவை அல்ல. அந்த வரலாற்றின் ஒரு முக்கிய அத்தியாயம் புது தில்லியின் மந்திர் மார்க்கில் நிகழ்ந்தது. அதனைப் படிப்பதால் இன்றைய ஆய்வுகள் கேட்கத் தவறும் ஒரு கேள்வி புலப்படும்.

சோர்வின் முன்வரலாறு

அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் பியர்ட் 1869இல் ‘நியூரஸ்தீனியா’ என்னும் நரம்புத் தளர்ச்சியை ஒரு நோயாக வரையறுத்தார். 1881இல் வெளியிட்ட நூலில் அதற்கான நாகரிகக் காரணங்கள் ஐந்தைப் பட்டியலிட்டார்: நீராவி ஆற்றல், பருவ இதழ்கள், தந்தி, அறிவியல்கள், பெண்களின் அறிவுச் செயல்பாடு. கடைசிக் காரணம் அக்காலத்து ஆண் மருத்துவரின் முன்முடிவைக் காட்டுவது. ஆயினும் தந்தியும் இதழும் அப்பட்டியலில் இடம்பெற்றது கருதத்தக்கது. தொடர்புக் கருவியே உடலைத் தளர்த்தும் என்ற எண்ணத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு வயதாகிறது.

1903இல் ஜெர்மானியச் சமூகவியலாளர் ஜார்ஜ் ஸிம்மல் பெருநகர வாழ்வின் தூண்டல் மிகுதியைப் பற்றி எழுதினார். நகரவாசி எதற்கும் அசையாத ஒருவித மந்தத்தைத் தற்காப்பாக வளர்த்துக்கொள்கிறான் என்பது அவர் கருத்து. 1970இல் ஸ்டான்லி மில்கிராம் இதனையே ‘மிகைச்சுமை’ என்னும் கருத்தாக்கத்தால் விளக்கினார். அதே ஆண்டு ஆல்வின் டாஃப்லரின் நூல் தகவல் மிகைச்சுமை என்பதைப் பொதுவழக்கு ஆக்கியது. மறு ஆண்டு ஹெர்பர்ட் சைமன், தகவல் பெருகும் இடத்தில் கவனம் வறுமைப்படும் என்று பொருளியல் மொழியில் சொன்னார். ஆக, சமூக ஊடகச் சோர்வு ஒரு நீண்ட வரிசையின் அண்மைக் கண்ணி. கருவிகள் மாறின, மனிதக் கவனத்தின் கொள்ளளவு மாறவில்லை.

ரீடிங் சாலை

இன்று மந்திர் மார்க் எனப்படும் சாலைக்கு ஆங்கிலேயர் காலப் பெயர் ரீடிங் சாலை. வைஸ்ராய் ரீடிங் பிரபுவின் நினைவாக இடப்பட்ட பெயர் அது. பிர்லா குடும்பத்தார் கட்டிய லட்சுமி நாராயணர் கோயில் இங்குள்ளது. சாதி வேறுபாடின்றி அனைவரும் நுழையலாம் என்னும் நிபந்தனையின் பேரில் 1939இல் காந்தி அதனைத் திறந்து வைத்தார். காளிபாரியும் இந்து மகாசபையின் தலைமையகமும் இச்சாலையிலேயே உள்ளன. தில்லித் தமிழர்க்கு இது வேறொரு வகையிலும் அறிமுகமானது: 1923இல் ‘மதராசி கல்விச் சங்கம்’ என்ற பெயரில் தோன்றிய இன்றைய தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளுள் ஒன்று இங்கு இயங்குகிறது.

இவை அனைத்துக்கும் அருகில், நகராட்சித் துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றும் அதனுள் வால்மீகி ஆலயமும் உள்ளன. அக்குடியிருப்பை அன்று சாதிப் பெயராலேயே ‘பங்கி காலனி’ என்று அழைத்தனர். 1946 ஏப்ரல் 1 அன்று காந்தி இங்கு வந்து தங்கினார். அமைச்சரவைத் தூதுக்குழுவோடு பேச்சுவார்த்தைகள் நடந்துகொண்டிருந்த காலம் அது. இடையிடையே சிம்லா, நவகாளி, பீகார், கல்கத்தா என்று பயணப்பட்டாலும், 1947 கோடைவரை தில்லியில் அவருடைய இருப்பிடம் இதுவே. அமைச்சர்களும் தூதர்களும் செய்தியாளர்களும் வெறும் பார்வையாளர்களும் அந்தச் சிறு அறைக்கு வந்துகொண்டே இருந்தனர். மாலைதோறும் திறந்தவெளிப் பிரார்த்தனையும் அதன் முடிவில் அவர் உரையும் நிகழ்ந்தன.

ஏறத்தாழ மூன்றரை ஆண்டு நின்றிருந்த ‘ஹரிஜன்’ இதழ் 1946 பிப்ரவரியில் மீண்டும் வெளிவரத் தொடங்கியிருந்தது. அதற்கு வாரந்தோறும் எழுத வேண்டும். அஞ்சலும் ஓயவில்லை, வந்தவற்றில் பழிச்சொற்களும் மிரட்டல்களும் மலிந்திருந்தன என்பதை அவரே பிரார்த்தனை உரைகளில் குறிப்பிட்டார். 1947 ஏப்ரல் தொடக்கத்தில் பிரார்த்தனையில் குர்ஆன் வாசகங்கள் ஓதப்படுவதற்குக் கூட்டத்தில் எதிர்ப்பு எழுந்தது. எதிர்ப்பவர் ஒருவரே ஆயினும் அவரை அடக்கிவிட்டு வழிபாட்டைத் தொடர காந்தி விரும்பவில்லை. சில மாலைகளில் வழிபாடு நிறைவுறாமலே நின்றது. எல்லார்க்கும் எட்டக்கூடியவராக இருப்பதன் விலை இன்னதென்று அந்த மாலைகள் காட்டின.

மௌனம் ஒரு நெறியான விதம்

காந்தியின் மௌனத்துக்கு நீண்ட முன்கதை உண்டு. 1895இல் நேட்டாலின் மரியான்ஹில் என்னும் இடத்தில் டிராப்பிஸ்ட் துறவிகளின் மடத்துக்குச் சென்று வந்த அவர், அதைப் பற்றி லண்டன் ‘வெஜிடேரியன்’ இதழில் எழுதினார். பேச்சைக் கட்டுப்படுத்தும் அவர்களது விதி அவர் கவனத்தை ஈர்த்தது. தம் இயல்பிலேயே பேசக் கூச்சம் மிகுந்தவர் என்பதைத் தன்வரலாற்றில் தனி அத்தியாயமாகவே எழுதியிருக்கிறார். முதலில் இடராக இருந்த அக்கூச்சம் பின்னர்ச் சொற்சிக்கனத்தைக் கற்பித்து, தமக்குக் கேடயமாயிற்று என்பது அவர் துணிபு. இன்றைய ஆளுமை ஆய்வாளர் இதனை அகமுகத்தன்மை என்று வகைப்படுத்தக்கூடும்.

வாரம் ஒருநாள், திங்கட்கிழமை, பேசாதிருக்கும் வழக்கம் 1921 அளவில் தொடங்கியது. ஒத்துழையாமை இயக்கத்தின் உச்சம் அது. இடைவிடாத பயணமும் கூட்டங்களும் நிறைந்த ஆண்டு. 1938 டிசம்பரில் ‘ஹரிஜன்’ இதழில் இவ்வழக்கத்தைத் திரும்பிப் பார்த்தபோது, அதன் வளர்ச்சியை அவர் மூன்று படிகளாக விவரித்தார். முதலில் அது நெருக்கடியிலிருந்து பெற்ற வெறும் ஓய்வு. அடுத்து எழுதுவதற்கு நேரம் தேவைப்பட்டது. நாள்பட்ட பின்னரே அதன் ஆன்மிகப் பயன் விளங்கிற்று.

இந்த வரிசைமுறை முக்கியமானது. திங்கட்கிழமை மௌனத்தை விரதமாக மட்டுமே நினைவுகூரும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஆனால் அதன் பிறப்பிடம் களைப்பு என்பதை அவரே சொல்லியிருக்கிறார். தமிழ் மரபுக்கு மௌனம் புதியதன்று. ‘சும்மா இருத்தல்’ என்பதைச் சித்தர் மரபும் சைவ மரபும் உயர்ந்த நிலையாகக் கொண்டன. திருவண்ணாமலையில் ரமணர் பேசாதிருந்த தொடக்க ஆண்டுகளில், சிவப்பிரகாசம் பிள்ளையின் வினாக்களுக்கு எழுதிக்காட்டியே விடையளித்தார். அம்மரபில் மௌனம் உலகத் தொடர்பிலிருந்து விடுபடும் வழி. காந்தியின் திங்கட்கிழமையோ உலகத் தொடர்புக்குள் இருந்துகொண்டே அதற்கு ஒரு கரை கட்டும் முயற்சி. மறுநாள் செவ்வாய்க்கிழமை என்பது அதில் எப்போதும் நினைவிலிருந்தது.

1947 ஜூன் 2

இந்நெறியின் கடுமையான சோதனை 1947 ஜூன் 2 அன்று வந்தது. அன்று திங்கட்கிழமை. நாட்டைப் பிரிக்கும் திட்டத்தை மவுண்ட்பேட்டன் காலையில் கட்சித் தலைவர்களிடம் அளித்திருந்தார். பின்னர் காந்தி அவரைச் சந்திக்கச் சென்றார். பிரிவினையைத் தொடர்ந்து எதிர்த்துவந்த அவர் என்ன சொல்வாரோ என்று வைஸ்ராய் கவலையுற்றிருந்த நேரத்தில், காந்தி வாய் திறக்கவில்லை. பயன்படுத்திய அஞ்சலுறைகளின் பின்பக்கத்தில் சிறு பென்சிலால் எழுதிக்காட்டினார்.

எழுதியவற்றின் சாரம் இது: இன்று பேச இயலாமைக்கு வருந்துகிறார். மௌனத்தை மேற்கொண்டபோதே இரண்டு விலக்குகளை வைத்துக்கொண்டதாகவும், அவசரப் பொருளில் உயர் பொறுப்பிலிருப்போரிடம் பேசுவது ஒன்று, நோயுற்றோரைக் கவனிப்பது மற்றொன்று என்றும் விளக்குகிறார். ஆனால் தாம் மௌனத்தைக் கலைப்பதை வைஸ்ராய் விரும்பவில்லை என்பது தமக்குத் தெரியும் என்கிறார். காலனியில் தம்மோடு தங்கியிருக்கும் கான் அப்துல் கஃபார் கான், எல்லைப்புற மாகாண ஆளுநரை மாற்ற வேண்டும் என்று கேட்பதைத் தெரிவிக்கிறார். பேச வேண்டியவை ஓரிரண்டு உண்டு. இன்றைக்கு அல்ல என்று முடிக்கிறார்.

விலக்கு இருந்தும் அவர் ஏன் பயன்படுத்தவில்லை என்பதில் அரசியல் வரலாற்றாசிரியர்களிடையே பல விளக்கங்கள் இயலும். காங்கிரஸ் தலைமை ஏற்கெனவே முடிவெடுத்துவிட்ட நிலையில் பேச்சுக்குப் பயன் குறைவு என்று அவர் கருதியிருக்கலாம். தொடர்பியல் நோக்கில் வேறொன்று தெரிகிறது. அந்த மௌனம் எவருக்கும் திடீர் அவமதிப்பாகத் தோன்றவில்லை. திங்கட்கிழமை காந்தி பேசமாட்டார் என்பதை வைஸ்ராயும் அறிவார், வாயில் காப்போனும் அறிவார். கால் நூற்றாண்டுப் பழக்கம் அதை ஒரு பொது ஏற்பாடாக ஆக்கியிருந்தது. அன்றைய பிரார்த்தனைக்குக்கூட அவர் எழுதியளித்த உரையைப் பிறர் படிப்பதே வழக்கம். செய்தி நிற்கவில்லை, உடனுக்குடன் விடையளிக்கும் கடமை மட்டுமே நின்றது.

இன்றைய ஆய்வுகள் சொல்வது

2014இல் சிங்கப்பூர் ஆய்வாளர் குழு ஒன்று சமூக வலைத்தளப் பயனரின் சோர்வையும் அதன் விளைவுகளையும் ஆராய்ந்தது. சோர்வுற்றோர் சிறு இடைவேளை எடுக்கின்றனர், அல்லது பயன்பாட்டைக் கட்டுப்படுத்துகின்றனர், அல்லது அறவே நிறுத்திவைக்கின்றனர் என்று அது வகைப்படுத்தியது. 2015இல் பிரைட் முதலானோர், தனியுரிமைக் கவலை, தன்னம்பிக்கை போன்ற காரணிகளோடு ஃபேஸ்புக் சோர்வை இணைத்துப் பார்த்தனர். 2018இல் அமன்தீப் திர் முதலானோர் இந்திய வளரிளம் பருவத்தினரிடம் இரு கட்டங்களில், 1554 பேரிடமும் 1144 பேரிடமும், தரவு திரட்டினர். பிறர் அனுபவிப்பது தமக்கு விடுபட்டுப்போகுமோ என்னும் அச்சம் கட்டுக்கடங்காத பயன்பாட்டுக்கு இட்டுச்செல்கிறது. அப்பயன்பாடு சோர்வோடும், சோர்வு பதற்றத்தோடும் மனச்சோர்வோடும் தொடர்புறுகிறது என்பது அவர்கள் முடிவு.

ஆளுமையைப் பொறுத்தவரை, ஐங்காரணி மாதிரியில் உணர்வுத் தளம்பல் மிகுந்தவர் எளிதில் சோர்வுறுகின்றனர் என்பதே பல ஆய்வுகளில் தென்படும் போக்கு. கடமையுணர்வு மிகுந்தோர் பயன்பாட்டை ஓரளவு நெறிப்படுத்திக்கொள்கின்றனர். புறமுகத்தன்மை பற்றிய முடிவுகள் ஒருமித்தவை அல்ல. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2014இல் தொழில்நுட்பத்தை நலமாகப் பயன்படுத்துவதற்கென்றே ஒரு சிறப்பு மருத்துவச் சேவையைத் தொடங்கியது. 2016 செப்டம்பரில் ஜியோவின் வருகைக்குப் பின் தரவு மலிவானபோது, இச்சிக்கல் பெருநகர உயர்வகுப்பினருக்கு மட்டும் உரியதாக நீடிக்கவில்லை.

இவ்வாய்வுகள் பயனுள்ளவை. எனினும் அவற்றின் பார்வை தனிமனிதரிடத்தே குவிகிறது. யார் சோர்வுறுவார், எவ்வளவு பயன்படுத்தினால் சோர்வுறுவார் என்று கேட்கின்றன. அதன் இயல்பான விடை தனிமனிதக் கட்டுப்பாடாகிறது: அறிவிப்பொலியை நிறுத்துக, செயலியை நீக்குக, ஒரு வாரம் விலகியிரு. இந்த அறிவுரை பெரும்பாலும் நிலைப்பதில்லை. காரணம், அது பிறரோடு செய்துகொண்ட ஏற்பாடு அன்று. வகுப்புக் குழுவிலிருந்து ஒரு மாணவர் மட்டும் விலகினால், பாடக்குறிப்பும் தேர்வு அறிவிப்பும் அவருக்குக் கிட்டா. விடுபட்டுப்போகும் அச்சம் அங்கே உளக்கோளாறு அன்று, சரியான கணிப்பு.

காந்தியின் திங்கட்கிழமையில் நான்கு கூறுகள் இருந்தன. அது முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது. ஒழுங்கான இடைவெளியில் வந்தது. விலக்குகள் சிலவே, அவையும் வெளிப்படையானவை. எழுத்துத் தொடர்பை அது துண்டிக்கவில்லை. கூச்சமுள்ள ஆளுமை அதற்கு வித்தாக இருந்திருக்கலாம். அதை நிலைநிறுத்தியது சுற்றியிருந்தோரின் ஒப்புதல்.

யாருக்கு இல்லை அந்தத் திங்கட்கிழமை

இங்கேயே நிறுத்திவிட்டால் இது போற்றுரையாக முடியும். ஆனால் மந்திர் மார்க் அதற்கு இடம் தரவில்லை.

காந்தியின் மௌனத்தைப் பிறர் உழைப்பு தாங்கியது. பியாரிலால், சுசீலா நய்யார், ராஜ்குமாரி அம்ரித் கௌர் போன்றோர் அஞ்சல்களைப் பிரித்தனர், படியெடுத்தனர், பார்வையாளரை நெறிப்படுத்தினர். அவர் வருகைக்காகக் குடியிருப்பே மாற்றியமைக்கப்பட்டது. பழைய குடிசைகள் அகற்றப்பட்டுப் புதியவை எழுந்ததையும், வெப்பம் தணிக்கப் பாய்த்தட்டிகளில் நீர் தெளிக்கப்பட்டதையும் புகைப்பட இதழாளர் மார்கரெட் பூர்க்-வைட் பதிவு செய்திருக்கிறார்.

இதனினும் கூர்மையான முரண் ஒன்று உண்டு. அவர் இக்குடியிருப்பில் தங்கியிருந்த அதே 1946 ஏப்ரலில், துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் குறித்து ‘ஹரிஜன்’ இதழில் எழுதினார். அவர்களது குறைகள் நியாயமானவை என்பதை அவர் மறுக்கவில்லை. அவர்கள் வாழும் நிலை நகராட்சிகளுக்கும் நகரத்தார்க்கும் இழுக்கு என்றே கருதினார். ஆயினும் துப்புரவுத் தொழிலாளி ஒருநாள்கூட வேலையை விடலாகாது, நீதி பெற வேறு வழிகள் உள்ளன என்பது அவர் நிலைப்பாடு. ஒரு நகரம் கழிவோடு ஒருநாள் இருக்க இயலாது என்னும் பொதுச்சுகாதாரக் காரணம் அதற்குப் பின்னால் இருந்தது. அக்காரணம் வலுவானதே. ஆனால் வாரத்தில் ஒருநாள் தம் பணியின் மையமான பேச்சை நிறுத்திவைக்கும் உரிமை ஆலயத்து அறையில் இருந்தவருக்கு இருந்தது; சுவருக்கு அப்பால் இருந்தவர்க்கு இல்லை. அறையின் மௌனத்தை நாடு ஏற்றது. குடியிருப்பின் நிறுத்தத்தை ஏற்க மறுத்தது.

1947 செப்டம்பரில் காந்தி தில்லி திரும்பியபோது காலனியில் அகதிகள் நிறைந்திருந்தனர். அவர் பிர்லா மாளிகையில் தங்கவைக்கப்பட்டார். குடியிருப்பு தூய்மைப் பணியாளரிடமே நின்றது.

அறுபத்தேழு ஆண்டுகளுக்குப் பின், 2014 அக்டோபர் 2 அன்று, இதே வால்மீகி குடியிருப்பிலிருந்து தூய்மை இந்தியா இயக்கம் தொடங்கப்பட்டது. துடைப்பம் ஏந்திய பிரதமர், கமல்ஹாசன், சச்சின் டெண்டுல்கர், சசி தரூர் உள்ளிட்ட ஒன்பது தரப்பினரை இயக்கத்தில் சேர அழைத்தார். ஒவ்வொருவரும் மேலும் ஒன்பதின்மரை அழைக்க வேண்டும். ஒன்பது, எண்பத்தொன்று, எழுநூற்று இருபத்தொன்பது என்று பெருகும் இக்கணக்கு சமூக ஊடகத்தின் சங்கிலி அழைப்புக்கே உரியது. துடைப்பத்தோடு எடுத்த படங்கள் சில வாரங்கள் திரைகளை நிறைத்தன. பின்னர் வேறு அழைப்புகள் வந்தன. பார்ப்போர் சலிப்பது இவ்வடிவத்தின் இயல்பு. அன்றாடம் துடைப்பம் ஏந்துவோர்க்குச் சலிக்கும் உரிமை அந்தச் சங்கிலியின் எக்கண்ணியிலும் பேசப்படவில்லை.

அதன் பின்னர் தொடர்புக் கருவி அவர்களின் மணிக்கட்டுக்கே வந்தது. நாகபுரி, சண்டிகர் போன்ற நகரங்களில் தூய்மைப் பணியாளர் இருப்பிடத்தைக் கண்காணிக்கும் கைக்கடிகாரங்கள் கட்டாயமாக்கப்பட்டன. ஒவ்வொரு நிமிடமும் எங்கே நிற்கிறார் என்பது ஓர் அலுவலகத் திரையில் தெரியும். பணியாளர் சங்கங்கள் இதனை எதிர்த்தன. சோர்வு ஆய்வுகளில் இவர்கள் ‘பயனர்’ என்ற வரையறைக்குள் வருவதில்லை. அவர்கள் எதையும் பதிவிடுவதில்லை. அவர்களே இடையறாது பதிவாகின்றனர்.

சட்டம் தரும் மௌனமும் இதே எல்லையில் நிற்கிறது. பிரான்சில் 2017 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்கள் தொடர்பறுக்கும் உரிமை பற்றி ஊழியரோடு பேச வேண்டும் என்றது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டில் இத்தகைய உரிமை வந்தது. இந்தியாவில் 2018 டிசம்பரில் சுப்ரியா சுலே மக்களவையில் ஒரு தனிநபர் மசோதாவை முன்வைத்தார்; அது சட்டமாகவில்லை. இவை பெரிதும் பணிநேரத்துக்குப் பிந்திய மின்னஞ்சலையும் அழைப்பையும் பற்றியவை. பணிநேரத்துக்குள்ளேயே ஒரு கணமும் கண்ணிலிருந்து மறைய இயலாதவரின் களைப்பை அவை தொடவில்லை.

சமூக ஊடகச் சோர்வை ஆராயும் மாணவர்க்கு மந்திர் மார்க் தரும் பாடம் இதுவே. ‘நீங்கள் எவ்வளவு களைப்பாக உணர்கிறீர்கள்?’ என்ற வினா தேவையானது. ‘நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம்?’ என்பதும் தேவையே. அவற்றோடு மூன்றாவது வினா ஒன்றும் நிரலில் இடம்பெற வேண்டும்: ‘ஒருநாள் நீங்கள் விடையளிக்காதிருந்தால் உங்களுக்கு என்ன இழப்பு நேரும்?’ வைஸ்ராய்க்கு எதிரே அஞ்சலுறையில் எழுதியவர் அதற்கு ஒருவிதமாக விடையளிப்பார். வகுப்புக் குழுவை அணைக்க இயலாத மாணவி வேறுவிதமாக விடையளிப்பார். கடிகாரம் கட்டிய பணியாளர் தம் ஊதியக் கணக்கை எடுத்துக்காட்டுவார். ஆளுமை வேறுபாடு அதன் பிறகே கணக்கில் வரும்.